மஞ்சள் கோடு

காகிதத்தில் பழுதான லாரி இந்த நாட்டில் ஒன்றுகூடக் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே பாண்டிச்செல்வி இதைத் தெரிந்துகொண்டாள். ஒரகடத்துத் தொழிற்சாலைகளிலிருந்து ஓசூருக்கும் புனேவுக்கும் சரக்கு அனுப்பிவைக்கிற கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்பெனிக்கென்று சொந்தமாக ஒரு லாரிகூட இல்லை, எல்லாம் வெளியாட்கள் வண்டிதான். புதிதாக ஒரு லாரி முதலாளி வந்தால் அவருடைய வண்டியையும் காகிதங்களையும் டிரைவரையும் சோதித்துவிட்டு, இவரை நம்பிச் சரக்குக் கொடுக்கலாம் என்று கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. ஆர்.சி. புத்தகம் பளிச்சென்று இருக்கும். வண்டி ஓடத் தகுதியானது என்று அரசாங்கம் கொடுக்கும் எஃப்.சி. போன மாதம்தான் எடுத்ததாக இருக்கும். இன்சூரன்ஸ், பெர்மிட், புகைச் சான்று எல்லாம் கல்யாணப் பத்திரிகை போல மடிப்புக் கலையாமல் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வந்து இறங்கும். வண்டி மட்டும் வாசலில் நின்று இருமிக்கொண்டிருக்கும்.

ஆகவே அவள் காகிதத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. நாற்காலியை விட்டு எழுந்து போய், சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்துவிடுவாள். டயரின் பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்ப்பாள். எவ்வளவு ஆழம் உள்ளே போகிறதோ அவ்வளவு ஆயுசு டயருக்கு. பொம்பளைப் பிள்ளை லாரிக்கு அடியில் தலையை நுழைப்பதைப் பார்த்து ஆரம்பத்தில் டிரைவர்கள் சிரித்தார்கள். அவள் நாலு வண்டியைத் திருப்பி அனுப்பியபின் சிரிப்பு நின்றுபோனது.

கேட்டில் அவளுக்கு ஒரு கூட்டாளி இருந்தார். காவலாளி நாகப்பன். பிள்ளைப்பாக்கத்தில் ஒன்றேகால் ஏக்கர் நிலத்தை விற்றுவிட்டு இங்கே நீலச் சட்டை மாட்டிக்கொண்டவர். புது வண்டியை அவள் ஒருதரம்தான் பார்ப்பாள். அதற்குப்பிறகு ஒவ்வொரு தரமும் லோடு ஏற்ற வரும்போது கேட்டில் பார்ப்பது நாகப்பன். கையில் இருக்கும் தடியால் ஒவ்வொரு டயரையும் ஒரு தட்டு தட்டுவார், குனிந்து ஒரு பார்வை பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால், "இது தாங்காது, போய் மாத்திக்கினு வா" என்று தடியைக் குறுக்கே நீட்டிவிடுவார். அவரிடம் விதிமுறைப் புத்தகம் ஏதும் கிடையாது. டிரைவர்கள் திட்டுவார்கள், மேனேஜர் வசந்தகுமாரிடம் முறையிடுவார்கள். நாகப்பன் காதில் வாங்கமாட்டார்.

மார்ச் மாதக் கடைசி வாரம். கணக்கு வருஷம் முடிவதற்குள் இருப்பதையெல்லாம் தள்ளிவிட வேண்டும் என்று தொழிற்சாலைகள் துடிக்கிற சமயம். லாரி கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்தது. அப்போதுதான் கார்முகில் என்கிற புது முதலாளியின் வண்டி சோதனைக்கு வந்தது. முப்பதுகூட ஆகாத பையன், மூன்று லாரி வைத்திருந்தான். உறையைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் பக்காவா கீது மேடம்" என்று சொல்லி டீ குடிக்கப் போனான்.

வண்டியோடு நின்றிருந்தவர் டிரைவர் மாசானம். ஐம்பது வயது இருக்கும். பத்துச் சக்கர லாரியின் நிழலில், தோளில் துண்டோடு, யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவர்போல ஒதுங்கி நின்றார். பாண்டிச்செல்வி நாணயத்தைச் செருகிப் பார்த்தாள். முக்கால்வாசி உள்ளே போயிற்று. பத்து டயரும் அப்படியே. சந்தோஷமாக எழுந்தாள்.

"எந்த ஊரு தாயி நீ?" என்றார் மாசானம்.

"சங்கரன்கோவில் பக்கம் அண்ணாச்சி."

"அதான பாத்தேன். நான் புளியங்குடி." அவர் டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரல் இறங்கியது. "உன்கிட்ட மறைக்க மனசு வரல தாயி. இந்த டயரு நம்மளுது இல்ல. ஸ்ரீபெரும்புதூர்ல ஒரு கடையில வாடகைக்கி எடுத்து மாட்டிருக்கு. எஃப்.சி.க்கும் இதான் மாட்டுனோம். சாயங்காலம் கழத்திக் குடுத்துரணும்."

பாண்டிச்செல்விக்கு முகம் சுண்டிப்போயிற்று. "அப்போ உங்க டயரு?"

"மொட்ட. கையை வச்சுத் தடவுனா வழுக்கும். கம்பி தெரியப் போவுது." அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நீ வண்டி வேண்டாம்னு எழுதிரு. அப்பந்தான் மொதலாளி புது டயரு போடுவாரு. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராத. எனக்குப் பயமா இருக்கு தாயி. வெயில்ல ஓட்டும்போது ஒவ்வொரு நிமிசமும் இப்ப வெடிக்கும், இப்ப வெடிக்கும்னே ஓட்டுதேன்."

அந்த மனிதர் கேட்டது ஒரே ஒரு சொல். வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால் போதும். அதை அவள் எழுதியிருப்பாள்தான். ஆனால் மூளை என்று ஒன்று இருக்கிறதே, அது சும்மா இருக்க விடுகிறதா? திருப்பி அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்தாள். கார்முகில் புது டயர் போடமாட்டான். சோதனையே இல்லாத அடுத்த கம்பெனிக்குப் போவான். மாசானம் அதே மொட்டை டயரில்தான் ஓட்டுவார். அதைவிட, இந்த நல்ல டயர்களை இந்த வண்டியோடு கட்டிப்போட்டுவிட்டால்?

யார்டின் மூலையில் தரையில் கோடு போட வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் டின் கிடந்தது. பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வந்தாள். முதல் டயரின் பக்கவாட்டிலிருந்து சக்கரத்து இரும்புவரை ஒரே இழுப்பாக, நாலு விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டாள். டயரைக் கழற்றி வேறு மாட்டினால் கோடு இருக்காது. கோடு இல்லாத வண்டி கேட்டுக்குள் வராது. பின்பக்கத்து உள் டயர்களுக்காக வண்டிக்கு அடியில் தவழ்ந்து போனாள், தலைமயிரெல்லாம் மஞ்சளானது. மாசானம் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கிச் சொன்னதும் முகம் மலர்ந்து, "கெட்டிக்காரிதான் தாயி நீ" என்றார். அந்தப் பாராட்டு அவளுக்கு இனித்தது.

டீ குடித்துவிட்டு வந்த கார்முகில் பத்துக் கோடுகளையும் பார்த்தான். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "இந்தக் கோடு இல்லாம வண்டி உள்ள வராது, பாத்துக்கோங்க" என்றாள் அவள். "சரி மேடம்" என்றான்.

மேனேஜர் வசந்தகுமாருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வண்டியும் கைவிட்டுப் போகவில்லை, பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள ஒரு புதுச் சங்கதியும் கிடைத்துவிட்டது. "சூப்பர் செல்வி, எல்லா வண்டிக்கும் போடு" என்றார். ஒரே வாரத்தில் நாற்பது வண்டிகளுக்கு மஞ்சள் கோடு ஏறியது. யார்டு டின் தீர்ந்து, அவள் தங்கியிருக்கும் படப்பை ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் புது டின் வாங்கிவந்தாள். கோட்டைப் படம் எடுத்து மேலிடத்துக்கு மெயில் போட்டார் வசந்தகுமார். மெயிலில் அது அவருடைய யோசனையாக இருந்தது. அதைப்பற்றி அவளுக்குக் கவலையில்லை.

ஒரே ஒரு சிக்கல் நாகப்பன். மஞ்சள் கோடு இருக்கிற வண்டியையும் அவர் தடியால் தட்டி, குனிந்து பார்த்து, நிறுத்திவைத்தார். கேட்டுக்கு வெளியே வல்லம் ரோடு வரைக்கும் லாரி வரிசை நீண்டது. வசந்தகுமார் அவளைக் கூப்பிட்டு, "நீ ஒரு சிஸ்டம் கொண்டுவந்திருக்க, அந்தப் பெருசு அதைக் கெடுக்குது. நீயே சொல்லிடு" என்றார். அவள் கேட்டுக்குப் போனாள்.

"நாகப்பண்ணே, இனி நீங்க டயரைத் தட்டிப் பாக்க வேணாம். மஞ்சள் இருக்கா இல்லையானு மட்டும் பாருங்க. இருந்தா விட்டுருங்க. டயரை நான் பாத்தாச்சு."

"அப்பால என் கண்ணு இன்னாத்துக்கு பாப்பா?"

"மஞ்சள் பாக்கத்தான்" என்று சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தடியைக் கொண்டுபோய்க் காவல் அறையின் கதவுக்குப் பின்னால் சாத்திவைத்தார்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி, சரக்கு அனுப்பும் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆடிட் வந்தது. டை கட்டிய நாலு பேர். புது லாரி முதலாளிகளை எப்படிச் சோதித்து எடுக்கிறீர்கள் என்று பார்க்க வந்தவர்கள். வசந்தகுமார் பெரிய திரையில் மஞ்சள் கோட்டைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பாண்டிச்செல்வி பக்கத்தில் கோப்புகளோடு நின்றாள். காலை பதினோரு மணி. வெளியே வெயில் தார்ச்சாலையை உருக்கிக்கொண்டிருந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாசானம் நின்றார். அவள் பார்ப்பதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ தெரியவில்லை.

"தாயி, ஒரு நிமிசம் வெளிய வாரியா? வண்டிய ஒருதரம் பாத்துருதியா?"

நாலு டைகளும் திரும்பிப் பார்த்தன. வசந்தகுமார் முறைத்தார். அவளுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. ஜன்னல் பக்கம் போய்ச் சன்னமாகக் கேட்டாள்.

"மஞ்சள் இருக்குல்லா அண்ணாச்சி?"

ஐந்தடி தள்ளி கார்முகில் செல்போனில் பேசியபடி நின்றிருந்தான். மாசானம் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, "மஞ்ச இருக்கு" என்றார்.

"அப்புறம் என்ன? நாகப்பண்ணன் விட்டுருவாரு. கிளம்புங்க அண்ணாச்சி, ஏற்கெனவே லேட்டு."

"சரி தாயி."

கம்பியிலிருந்து கையை எடுக்கும்போது அவருடைய கட்டைவிரல் நகத்தில் மஞ்சள் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்ததை அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். அன்றைக்கு நான் போட்ட பெயிண்ட்டைத் தொட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அந்தப் பெயிண்ட் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரம் நகத்தில் பெயிண்ட் நிற்குமா என்று சின்னப் பிள்ளைகூடக் கேட்கும். அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. ஆடிட்டர்கள் அடுத்த கோப்பைக் கேட்டார்கள்.

மத்தியானம் மூன்று மணிக்குச் செய்தி வந்தது. வாலாஜா தாண்டி, மாசானம் ஓட்டிப்போன லாரியின் இடது முன் டயர் வெடித்திருக்கிறது. வண்டி பாலத்துக் கட்டையில் மோதி, பின்னால் ஏற்றியிருந்த இரும்புச் சாமான் பெட்டிகள் முன்னுக்கு வந்து டிரைவர் கேபினை நசுக்கிவிட்டன. யாரோ எடுத்த போட்டோ வசந்தகுமாரின் போனுக்கு வந்தது. வெடித்துக் கிழிந்த டயர் படத்தின் நடுவில் கிடந்தது. பட்டன் என்பதே இல்லை, உரித்த பனங்கிழங்குபோல மொழுமொழுவென்றிருந்தது. அதன் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு. பாண்டிச்செல்வி போட்ட கோடு நேராக இருக்கும். இது நெளிந்திருந்தது.

மறுநாள் காலை அரசு ஆஸ்பத்திரியில், பிணவறைக்கு வெளியே வேப்பமரத்தடியில் கார்முகில் உட்கார்ந்திருந்தான். ராத்திரி முழுக்க அழுத கண். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"வாடக டயரை அன்னிக்கி சாய்ங்காலமே குடுத்துட்டேன் மேடம். பத்து டயர் வாங்க எங்க போவேன்? மஞ்ச பெயிண்ட் எந்தக் கடையிலயும் கெடைக்குது. அவரையே அடிக்கச் சொன்னேன். மாட்டேன்னு ரெண்டு நாளு உக்காந்துகினு இருந்தார். அப்புறம் அடிச்சார். மழை பேஞ்சு கலைஞ்சிச்சுன்னு முந்தாநாளு மறுபடி அடிச்சார்."

அவனை அறைய வேண்டும்போல இருந்தது. கை எழவில்லை. எந்த உரிமையில் அறைவது என்று அவளுக்கே தெரியவில்லை.

புளியங்குடியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து மாசானத்தின் மனைவி சொர்ணம்மாள் வந்திருந்தாள். உடம்பை இன்னும் காட்டவில்லை. சுவரோரம் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தவள், உள்ளே எப்போது விடுவார்கள் என்று பாண்டிச்செல்வி வாசலில் விசாரித்த ஊர்ப் பேச்சைக் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"நீ சங்கரன்கோவிலா தாயி?"

"ஆமா மதினி."

"மஞ்ச போட்ட புள்ள நீதானா?" சொர்ணம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் கோபமே இல்லை. "அவிய போன்ல சொன்னாவ. நம்ம பக்கத்துப் புள்ள ஒண்ணு இருக்கு, டயர எல்லாம் கீழ படுத்துப் பாக்குது, இனிப் பயமில்ல, நீ நிம்மதியா தூங்குன்னாவ. நானும் தூங்குனேன் தாயி."

பாண்டிச்செல்வி அந்தக் கையை விடுவித்துக்கொள்ளவும் முடியாமல், பிடித்துக்கொள்ளவும் முடியாமல் நின்றாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஜன்னலில் வந்து கூப்பிட்டார் மதினி, நான் எழுந்து வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரி. அது வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், சொர்ணம்மாள் எழுந்து போனாள்.

ஒரகடம் திரும்பியதும் நேரே கேட்டுக்குப் போனாள். நாகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் கேட்கும் முன்பே பேசினார்.

"பாத்தேன் பாப்பா. மூணு வாட்டி அந்த வண்டி வந்திச்சு, மூணு வாட்டியும் பாத்தேன். சுத்த மொட்ட. தூரத்துல வர்றப்பவே தெர்யுது."

"பாத்துட்டு ஏண்ணே விட்டீங்க?"

"மஞ்ச இருந்திச்சே."

அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சொன்னதைச் செய்தேன் என்றுதான் சொன்னார். அதைவிடச் செவிட்டில் நாலு விட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கதவுக்குப் பின்னால் தடி அப்படியே சாத்தியிருந்தது, அதில் சிலந்தி கூடு கட்டியிருந்தது.

வசந்தகுமார் அறையில் மேஜைமேல் கார்முகிலின் கோப்பு விரித்திருந்தது. போலீஸும் இன்சூரன்ஸ்காரரும் பார்த்துவிட்டுப் போனார்களாம். "ஒரு குறை சொல்ல முடியல செல்வி. டயர் போட்டோ இருக்கு, உன் கையெழுத்து இருக்கு, கேட்ல ஒவ்வொரு ட்ரிப்பும் மஞ்சள் ஓகேனு எழுதியிருக்கு. நம்ம மேல தப்பே இல்லன்னு சொல்லிட்டாங்க. உன்னாலதான் தப்பிச்சோம்."

"சார், கோட்டை எடுத்துடலாம். நாகப்பண்ணன் பழையபடி ஒவ்வொரு வண்டியையும் பாக்கட்டும். நானும் கூட நிக்கறேன்."

"ஒரு நாளைக்கு அறுபது வண்டி. ஒரு வண்டிக்குப் பத்து நிமிஷம்னாகூடக் கணக்குப் போட்டுப் பாரு. நடக்கிற காரியமா?"

"அப்போ எனக்கு இந்த வேலை வேண்டாம் சார்."

வசந்தகுமார் கெட்டவர் இல்லை. சோர்ந்துபோய்க் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். "போ. நாளைக்கே இன்னொருத்தர் வருவாங்க. நாற்காலிய விட்டு எழுந்திரிக்கமாட்டாங்க. உறையில இருக்கிற காகிதத்தைப் பாத்துக் கையெழுத்துப் போடுவாங்க. அது பரவாயில்லையா உனக்கு?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

"கோட்டுல தப்பில்ல, கலர்லதான் தப்பு" என்றார் அவர். "மஞ்சள் எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. நாளையிலேர்ந்து பச்சை போட்டுடு. மேலிடத்துலயும் சொல்லிட்டேன்."

சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் படப்பைக்கு வந்து இறங்கினாள். வழிநெடுகச் சாலையோரம் லாரிகள் நின்றன. எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு. எது தன் கை, எது லாரிக்காரர்கள் கை என்று பார்த்துக்கொண்டே வந்தாள். பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டாள். ஹார்டுவேர் கடையில் ரத்னா அக்கா வழக்கம்போலக் கல்லாவுக்குப் பின்னால் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா, மஞ்சளா? எடுத்து வெச்சிருக்கேன்."

"பச்சை குடுங்கக்கா. ஒரு டின்."

"பச்சையா? மாத்திட்டாங்களா?" ரத்னா அக்கா எட்டி மேல்தட்டைப் பார்த்தார். அங்கே சின்னச் சின்ன மஞ்சள் டின்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. "அய்ய, முன்னாடியே சொல்லக் கூடாதா? டிரைவருங்க தெனம் வந்து கேக்கறாங்களேன்னு போன வாரம்தான் மஞ்சள்ல நாலு பெட்டி எறக்கினேன். இனிமே யாரு வாங்குவா?"

ரத்னா அக்கா கலர் அட்டையை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அதில் பதினொரு வகைப் பச்சை இருந்தது.

"எந்தப் பச்சைன்னு கரெக்டா காட்டிடும்மா. நாளைக்கு அவங்க வந்து கேட்டா அதையே குடுக்கணும் இல்ல."

நாளைக்குக் காலை எட்டு மணிக்கு மூன்று புது வண்டிகள் சோதனைக்கு வருகின்றன. பாண்டிச்செல்வி அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பச்சைமேல் விரலை வைத்துக் காட்டினாள்.